எகிப்தியச் சித்திர எழுத்து: முதல் நினைவுக்கல்லைப் படிக்கும் வரை

ஹைரோகிளிஃப் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். 24 ஒலிக்குறிகளை மனப்பாடம் செய்கிறார்கள், தங்கள் பெயரை எழுதிப் பார்க்கிறார்கள், பிறகு அருங்காட்சியகத்தில் ஒரு கல்லின் முன்னால் நின்றால் ஒரு சொல்கூடப் பிடிபடுவதில்லை. வெறும் ஒலிக்குறிகளால் மட்டும் எழுதிய கல் எகிப்தில் கிடையாது என்பதுதான் காரணம்.

இந்த வழிகாட்டியின் இலக்கு சிறியது. நடு அரசுக் காலத்து (தோராயமாக கி.மு. 2000 முதல் 1650 வரை) நினைவுக்கல் ஒன்றில் உள்ள காணிக்கை வாசகத்தை, இறந்தவர் பெயர், பதவி, தாய் பெயர் உட்பட, நீங்களாகவே படிக்க வேண்டும். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் நான்கு முதல் ஆறு மாதத்தில் முடிகிற காரியம். இலக்கியம், கடிதம், மருத்துவச் சுவடி எல்லாம் அதற்கு அப்பால்.

1. எந்தக் காலத்து எழுத்து என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஹைரோகிளிஃப் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய எழுத்து. அதற்குள் மொழியே பல முறை மாறிவிட்டது. தொடங்குகிறவருக்கு ஏற்றது நடு எகிப்திய மொழி, தோராயமாக கி.மு. 2000 முதல் 1300 வரை வழங்கியது. நல்ல பாடநூல்கள் எல்லாம் இதைத்தான் கற்பிக்கின்றன. பேச்சுவழக்கு மாறிய பின்னும் அரசாணையையும் சமய வாசகத்தையும் இந்த நடையிலேயே எழுதினார்கள் என்பதால், கற்றது பிற்காலக் கல்வெட்டுகளிலும் ஓரளவு உதவும்.

இங்கே இரண்டு பொறிகள். நைல் படகுப் பயணத்தில் எல்லோரும் பார்க்கும் எட்ஃபு, கோம் ஓம்போ, டெண்டெரா, ஃபிலே ஆகியவை கிரேக்க, ரோம ஆட்சிக் காலத்துக் கோயில்கள். நடு எகிப்திய மொழிக்கு எழுநூறு, எண்ணூறு குறிகள் போதும். இந்தக் கோயில்களின் பூசாரிகள் அதைச் சில ஆயிரமாகப் பெருக்கினார்கள், பழைய குறிகளுக்கே புதிய ஒலிகளையும் கொடுத்தார்கள். தேர்ந்தவர்களே அகராதியோடு போகும் இடம் அது. அங்கே எதுவும் புரியவில்லை என்று மனம் தளர வேண்டாம். அதே பயணத்தில் கர்னாக் வரும். அங்குள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நடு அரசுக் கால அரசர் முதலாம் செனுஸ்ரெத்தின் வெள்ளை மண்டபம் இருக்கிறது. தொடங்குகிறவர் கண்ணுக்கு இவ்வளவு தெளிவான எழுத்து வேறெங்கும் அமைவது கடினம்.

இரண்டாவது பொறி பாப்பிரஸ். சுவடிகளில் பெரும்பாலும் இருப்பது ஹைரேட்டிக் என்னும் வேக எழுத்து. ஹைரோகிளிஃப் தெரிந்தவருக்கும் அது தனிப் பயிற்சி. முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

முதல் இரண்டு மாதத்துக்குச் செலவே தேவையில்லை. ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். குறிகளைக் கையால் எழுதினால்தான் நினைவில் நிற்கும். ஓவியம் போல வரைய முயலாதீர்கள். ஆந்தையை ஐந்தாறு கோட்டில் முடியுங்கள். அழகாக வரைய ஆரம்பித்தவர்கள் பத்தாவது குறிக்குமேல் போவதில்லை.

புத்தகம் என்று வரும்போது ஆலன் கார்டினரின் இலக்கண நூல் பெயர் அடிபடும். 1927-இல் வந்து, 1957-இல் மூன்றாம் பதிப்பு கண்டது. 600 பக்கத்துக்கு மேல், விலையும் அதிகம். அதன் வினைச்சொல் விளக்கங்கள் பல இன்று திருத்தப்பட்டுவிட்டன. முதல் புத்தகமாக அதை வாங்காதீர்கள். ஆனால் அதன் பின்னிணைப்பான குறிப் பட்டியல் இல்லாமல் யாரும் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்திருப்பார்: ‘ஏ’ ஆண்கள், ‘டி’ மனித உறுப்புகள், ‘ஜி’ பறவைகள், ‘என்’ வானமும் நிலமும் நீரும், ‘ஓ’ கட்டடங்கள் என்று மொத்தம் 26 வகைகள். இன்றைய கணினி எழுத்துருக்கள்கூட இந்த எண்களையே பின்பற்றுகின்றன. பட்டியல் மட்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

தொடங்குவதற்கு காலியர், மேன்லி இருவரும் எழுதி 1998-இல் வந்த சிறு பாடநூல் சரியானது. நினைவுக்கற்களைக் கொண்டே பாடம் நடத்துகிறது. அதை முடித்த பிறகு இலக்கணம் வேண்டுமென்றால் ஜேம்ஸ் ஆலனின் 26 பாடங்கள் கொண்ட நூல். பயிற்சிகளுக்கு விடையும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் வாங்குவது வீண். ஆலன் நூலை வாங்குவதானால் புதிய பதிப்பாகப் பாருங்கள்.

அகராதிக்குப் பணம் தேவையில்லை. பெர்லின், லைப்ஸிக் அறிவியல் கழகங்கள் நடத்தும் ‘தெசாரஸ் லிங்குவே எகிப்தியே’ இணையத்தில் இலவசம். சொல்லைத் தேடினால் அது வரும் வாசகங்களையும் காட்டும். அச்சில் வேண்டுமென்றால் 1962-இல் வந்த ஃபாக்னரின் சுருக்க அகராதி. அது முழுக்கக் கையெழுத்தில் அச்சானது, பழகச் சில நாள் ஆகும்.

வாங்கக் கூடாதது: வாலிஸ் பட்ஜ் நூறாண்டுக்கு முன்பு எழுதிய இலக்கணமும் அகராதியும். மறுபதிப்புகள் மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பதால் புதியவர்கள் முதலில் இவற்றில்தான் விழுகிறார்கள். அவர் ஒலிகளை எழுதும் முறை இன்றைய முறையோடு ஒத்துப்போகாது. அதில் கற்ற சொல்லை இன்றைய அகராதியில் தேடினால் கிடைக்காது. இலவசம் என்றாலும் வேண்டாம்.

3. ஒலிகளைத் தமிழ் எழுத்தில் குறிக்காதீர்கள்

தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. ஆங்கில நூல்கள் இதைச் சொல்லித்தராது. எகிப்திய எழுத்தில் பாதம் ஒரு ஒலி, பாயால் பின்னிய முக்காலி இன்னொரு ஒலி. ‘பல்’ என்பதன் பகரம் முக்காலி, ‘அன்பு’ என்பதன் பகரம் பாதம். தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. ககர, தகரங்களுக்கும் அப்படியே. ஹகரத்துக்கோ நான்கு குறிகள். நோட்டில் தமிழில் உச்சரிப்பு எழுதிவைத்தால் ஒரு மாதத்தில் எது எது என்று தெரியாமல் போய்விடும். அகராதியிலும் தேட முடியாது.

எனவே ரோமன் எழுத்தில், மேல்குறி கீழ்க்குறிகளோடு எழுதும் முறையை முதல் நாளிலேயே பழகுங்கள். ‘எச்’ வெறுமனே ஒன்று, கீழே புள்ளியோடு ஒன்று, கீழே பிறைக்கோட்டோடு ஒன்று, கீழே நேர்க்கோட்டோடு ஒன்று. அந்தச் சிறு குறியை விட்டால் சொல்லே வேறாகிவிடும். கணினியில் தட்டும்போது இவற்றுக்குப் பதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பயன்படுத்துவார்கள். அங்கே பெரிய ‘ஏ’ பாறு கழுகு, சிறிய ‘ஏ’ முன்கை. தானாக முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை கைபேசியில் அணைத்துவிடுங்கள்.

நூலுக்கு நூல் முறை கொஞ்சம் மாறும். நாணல் குறியை ஆங்கில மரபு ‘ஐ’ என்றும் ஜெர்மன் மரபு ‘ஜே’ என்றும் எழுதும். கதவுத் தாழ்ப்பாளை ஒருவர் ‘எஸ்’ என்பார், பெர்லின் அகராதி ‘ஸெட்’ என்னும். அகராதியில் சொல் கிடைக்கவில்லை என்றால் முதலில் இந்த இரண்டையும் மாற்றிப் பாருங்கள். அகராதி வரிசையும் ஆங்கில வரிசை அல்ல. பாறு, நாணல், முன்கை, காடைக்குஞ்சு, பாதம், முக்காலி என்று குறிகளின் வரிசையில் போகும்.

உயிரொலிகளை எகிப்தியர் எழுதவில்லை. வாயால் சொல்வதற்காக மெய்களுக்கு நடுவே ‘எ’ போட்டுப் படிப்பது இன்றைய ஆய்வாளர் வழக்கம். ந்-ஃப்-ர் என்று மூன்று மெய்கள் இருந்தால் ‘நெஃபெர்’ என்கிறோம். பழைய எகிப்தியர் அப்படிச் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம். இதற்குமேல் இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதும் உச்சரிப்பெல்லாம் வாயில் சொல்லிப் பார்ப்பதற்கு மட்டுமே.

4. 24 ஒலிக்குறிகள்: இரண்டு வாரம்

நாளுக்கு மூன்று குறி போதும். பாறு கழுகு (திருக்கழுக்குன்றத்துக்கு வந்துகொண்டிருந்த அதே மஞ்சள்முகப் பாறு) குரல்வளையை அடைத்துத் திறக்கும் ஒலி. முன்கை அரபியின் ‘ஐன்’. இரண்டையும் வழக்கத்தில் ‘அ’ என்றே சொல்லிவிடலாம். நாணல் ‘இ’, இரட்டை நாணல் ‘ய்’, காடைக்குஞ்சு ‘வ்’ அல்லது ‘உ’. கொம்புப் பாம்பு ‘ஃப்’, ஆந்தை ‘ம்’, நீரலை ‘ந்’, வாய் ‘ர்’. திரித்த விளக்குத்திரி தொண்டையிலிருந்து வரும் ஹகரம், கோடு போட்ட வட்டம் கொரகொரத்த ஹகரம். தாழ்ப்பாளும் மடித்த துணியும் ‘ஸ்’, குளம் ‘ஷ்’, கைப்பிடிக் கூடை ‘க்’, ரொட்டி ‘த்’, நாகம் ‘ஜ்’ போன்றது. மீதியைப் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிகளைக் கற்பதைவிட, ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்தறிவதே வேலை. புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி கீழ்க்கண்ட நான்கில் அடங்கும்.

கூடை: கைப்பிடி இருந்தால் ‘க்’ (வி 31). இல்லாவிட்டால் ‘நெப்’, அதாவது தலைவன் அல்லது எல்லாம் (வி 30). தேய்ந்த கல்லில் கைப்பிடி தெரியாது. அடுத்து வருவது ஊர்ப்பெயர் என்றால் ‘நெப்’ என்றே கொள்ளலாம்.

சிறு குருவி: வால் பிளந்திருந்தால் தகைவிலான், ‘வெர்’, பெரிய என்று பொருள். வால் உருண்டிருந்தால் சிட்டுக்குருவி. அது கெட்டது, சிறியது, நோயுற்றது என்ற வகையைக் காட்டும் குறி. ஒரு வாலில் பொருள் தலைகீழாகிறது.

வட்டங்கள்: நடுவில் புள்ளியோடு இருப்பது சூரியன், குறுக்குக் கோடுகள் இருப்பது கொரகொர ஹகரம், உள்ளே தெருச்சந்தி போல இருப்பது ஊர். ஊர்க்குறி பெரும்பாலும் ஊர்ப்பெயரின் முடிவில் வரும்.

பறவைகள்: ஆந்தை மட்டும்தான் முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கும். பாறு கழுகையும் ‘தியூ’ எனப் படிக்கும் பருந்தையும் நல்ல அச்சில்கூடக் குழப்பிக்கொள்வார்கள். பருந்தின் தலை உருண்டையானது, பாறின் பிடரி சற்று முரடாக இருக்கும்.

5. படிக்கும் திசை

மனிதர், விலங்கு, பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். முகம் வலப்புறம் இருந்தால் வலமிருந்து இடம். எகிப்தியரின் இயல்பான வழக்கம் அதுவே. அச்சு நூல்கள் எல்லாவற்றையும் இடமிருந்து வலமாகத் திருப்பி அச்சிடுவதால், பாடநூலோடு மட்டும் பழகியவர் கல்லின் முன் திணறுவார். இரண்டாம் வாரத்திலிருந்தே ஒவ்வொரு சொல்லையும் இரு திசையிலும் எழுதிப் பழகுங்கள்.

குறிகள் வரிசையாக நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத சதுரங்களில் அடைந்திருக்கும். ஒரு சதுரத்துக்குள் மேலே உள்ளதை முதலில், கீழே உள்ளதைப் பிறகு. ஓர் உருவத்தின் தலைக்கு மேல் உள்ள வாசகம் பொதுவாக அந்த உருவம் பார்க்கும் திசையிலேயே பார்க்கும். எதிரெதிரே இரண்டு பேர் நின்றால், யார் வாசகம் எது என்று இதை வைத்தே பிரிக்கலாம்.

விதிவிலக்கு ஒன்று: இறந்தவரோடு கல்லறையில் வைத்த மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூல் சுவடிகள் பலவற்றில் பத்திகளின் வரிசை முகங்களுக்கு எதிர்த்திசையில் ஓடும்.

6. ஒரு குறி, மூன்று வேலை

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். ஒரே குறி ஓரிடத்தில் ஒலியாகவும், இன்னோரிடத்தில் படம் காட்டும் பொருளாகவும், மற்றோரிடத்தில் ஒலியே இல்லாமல் சொல்லின் வகையைக் காட்டவும் வரும்.

வீட்டின் தரைப்படக் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே ஒற்றைக் கோடு இருந்தால் ‘பெர்’, வீடு. கோடு, ‘படத்தில் உள்ளதுதான் பொருள்’ என்கிறது. அதே வீட்டுக்குப் பின் வாயும் நடக்கும் கால்களும் வந்தால் ‘பெரி’, வெளியே செல். இங்கே வீடு வெறும் ப்-ர் ஒலி. வாய், அந்த ‘ர்’ ஒலியை மறுபடி நினைவூட்டுகிறது. கால்களுக்கு ஒலி இல்லை. நகர்வைக் குறிக்கும் சொல் என்று மட்டும் காட்டுகிறது. வேறு சொல்லின் முடிவில் வீடு தனியாக நின்றால் அங்கே அது கட்டட வகை.

நினைவூட்டும் குறிகள்தான் புதியவரை அதிகம் ஏமாற்றும். இதயமும் மூச்சுக்குழலும் சேர்ந்த குறி ‘நெஃபெர்’. அதன் பக்கத்தில் பாம்பும் வாயும் (ஃப், ர்) எழுதியிருப்பார்கள். படிக்க வேண்டியது நெஃபெர் மட்டுமே, நெஃபெர்ஃபெர் அல்ல. இரண்டு, மூன்று மெய் கொண்ட குறியை ஒட்டி அதே மெய்கள் தனியாக வந்தால் அவற்றைக் கூட்டாதீர்கள்.

வகைக்குறிகள் சொற்பிரிப்புக்கு உதவும். எழுத்தில் இடைவெளி கிடையாது. வகைக்குறி வந்தால் சொல் அங்கே முடிகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வாயில் கை வைத்த மனிதன் (உண்ணல், பேசல், நினைத்தல்), சுருட்டிக் கட்டிய சுவடி (கண்ணுக்குத் தெரியாத கருத்து), கோலை ஓங்கிய மனிதன் (வலிமை), மலைநாடு (பாலை, அயல்நாடு) என்று முப்பது வகைக்குறிகளை முதலில் கற்றால் எந்தக் கல்லையும் சொற்களாக வெட்டிவிடலாம். ஈரொலிக் குறிகளில் அறுபது, மூவொலிக் குறிகளில் முப்பது இதனோடு சேரட்டும். மொத்தம் ஆறு வாரம். கூடுதலாகக் கற்க அவசரப்படாதீர்கள், மீதி கற்களைப் படிக்கும்போது தானாக வரும்.

7. அரசர் பெயர் வளையங்கள்

நீண்ட வளையத்துக்குள் இருப்பது அரசர் பெயர். முன்னால் கோரையும் தேனீயும் இருந்தால் முடிசூட்டுப் பெயர். வாத்தும் சூரியனும் இருந்தால் ‘ரேயின் மகன்’ (ரே சூரியக் கடவுள்), பிறப்புப் பெயர். துத்தன்காமுன், ராம்செஸ் என்று நாம் அறிந்தவை பிறப்புப் பெயர்கள். ஆனால் கல்லில் அதிகம் தனித்து நிற்பது முடிசூட்டுப் பெயர்.

கடவுள் பெயர் மரியாதைக்காக முதலில் எழுதப்படும், படிக்கும்போது தன் இடத்துக்குப் போகும். நம் ‘கெ’ எழுத்தில் கொம்பு முன்னால் நின்றாலும் ககரத்துக்குப் பின் ஒலிப்பது போல. சூரியன், ஆட்டப்பலகை, வண்டு என்று இருந்தால் ரே-மென்-கெபெர் அல்ல, மென்-கெபெர்-ரே: மூன்றாம் துத்மோஸ். சூரியன், இறகு சூடிய மாத் தேவி, கூடை: நெப்-மாத்-ரே, மூன்றாம் அமென்ஹோதெப். சூரியன், வண்டு, மூன்று கோடு, கூடை: நெப்-கெபெரு-ரே, துத்தன்காமுன்.

அந்த மூன்று கோடுகளை அலட்சியம் செய்யாதீர்கள். அது பன்மை. மென்-கெபெர்-ரே மூன்றாம் துத்மோஸ், மென்-கெபெரு-ரே நான்காம் துத்மோஸ். வேறுபாடு கோடுகள் மட்டுமே. வண்டு வடிவத் தாயத்துகளில் மூன்றாம் துத்மோஸ் பெயர் அவர் இறந்து பல நூறாண்டுகளுக்குப் பிறகும் பொறிக்கப்பட்டது என்பதால், பெயரை வைத்து அவற்றின் காலத்தைச் சொல்லிவிட முடியாது.

பயிற்சிக்கு அபிடோஸில் முதலாம் சேத்தி கோயிலின் அரசர் பட்டியல் கிடைத்தற்கரியது: 76 அரசர் பெயர்கள், வரிசைக்கு 38 வீதம். தெளிவான கோட்டுப் படங்கள் இணையத்தில் உள்ளன.

8. காணிக்கை வாசகம்: இதுவே தேர்வு

நினைவுக்கற்கள், சவப்பெட்டிகள், போலிக் கதவுகள் (கல்லறைச் சுவரில் செதுக்கிய கதவு உருவங்கள்), சிலைப் பீடங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும். ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் நூறு கல் திறக்கும்.

தொடக்கம்: கோரை, ரொட்டி, காணிக்கைப் பாய், கூம்பு ரொட்டி. கோரையும் அதனடி ரொட்டியும் ‘நேசு’, அரசர். மரியாதைக்காக முன்னே வந்திருக்கிறது. படிப்பது ‘ஹோதெப் தி நேசு’, அரசர் தரும் காணிக்கை. கல்லில் முதலில் தேட வேண்டியது இந்த நான்கு குறிக் கூட்டத்தை. அது இருக்கும் மூலையே வாசகத்தின் தொடக்கம்.

அடுத்து கடவுள் பெயர். அரியணையும் கண்ணும் சேர்ந்தால் ஓசிரிஸ். பின்னால் அவருடைய பட்டங்கள்: ‘நெப் ஜெது’, புசிரிஸின் தலைவர் (மேலே குறுக்குப் பட்டைகள் கொண்ட இரண்டு ஜெத் தூண்களைத் தேடுங்கள்), ‘நெச்செர் ஆ’, பெரிய கடவுள் (கொடியும் கிடந்த தூணும்), ‘நெப் அப்ஜு’, அபிடோஸின் தலைவர். ஓசிரிஸுக்குப் பதில் கோயில் பெட்டகத்தின் மேல் படுத்த நரி இருந்தால் அனுபிஸ். அவருக்குரிய பட்டம் ‘தெபி ஜுஎஃப்’, தன் மலைமேல் இருப்பவர். எந்தப் பட்டம் எந்தக் கடவுளுக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், உடைந்த கல்லில்கூட விடுபட்டதை ஊகிக்கலாம்.

பிறகு கூம்பு ரொட்டியும் பாம்பும்: ‘திஎஃப்’, அவர் தருவாராக. அதை ஒட்டி வீடு, துடுப்பு, ரொட்டி, மதுக்குடம் ஒரே கட்டாக நிற்கும்: ‘பெரெத்-கெரு’, அழைத்துப் படைக்கும் படையல். இதில் உள்ள ரொட்டியையும் குடத்தையும் படையல் பட்டியலோடு சேர்த்து இரண்டு தடவை எண்ணிவிடுவது வழக்கமான தவறு.

பட்டியல் சுருக்கெழுத்தில் வரும்: ரொட்டி, மது, மாட்டுத்தலை, பறவைத்தலை, சலவைக்கல் பாத்திரத்துக்கும் துணிக்கும் ஒவ்வொரு குறி. தலை மட்டும் வரைந்திருந்தாலும் முழு மாடு, முழுப் பறவை என்றே பொருள். முன்னால் தாமரைச் செடி இருந்தால் ‘ஆயிரம்’: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம். பட்டியலை முடித்து வைப்பது ‘கெத் நெபெத் நெஃபெரெத் வாபெத்’, நல்லதும் தூயதுமான எல்லாப் பொருளும், ‘அன்கெத் நெச்செர் இம்’, கடவுள் எதனால் வாழ்கிறாரோ அது. இங்கே வரிசையாக வரும் ரொட்டிக் குறிகள் படையல் அல்ல, பெண்பால் விகுதியான ‘த்’. ஒவ்வொரு அடைமொழிக்கும் ஒன்று.

இப்போது நீரலை, உயர்த்திய இரு கைகள், நீரலை: ‘என் கா என்’, இன்னாரின் கா-வுக்காக. கா என்பது இறந்தவரின் உயிராற்றல், படையலை உண்பது அதுவே. நடு அரசுக் காலத்து அரச பரம்பரையான 12-ஆம் வம்சத்திலிருந்துதான் இந்தத் தொடர் வழக்கமாகிறது. அதற்கு முந்திய பழைய அரசுக் காலத்துக் கற்களில் இதைத் தேடி நேரம் போக்காதீர்கள். இதற்குப் பின் பதவி, அதன் பின் பெயர், முடிவில் ‘மா-கெரு’: வாக்கு மெய்யானவர், அதாவது மறுமைத் தீர்ப்பில் வென்றவர். துடுப்பைக் கண்டால் பெயர் முடிந்தது. பெயர் தெரியாத கல்லில் பின்னாலிருந்து, துடுப்பிலிருந்து, முன்னோக்கி வாருங்கள்.

பதவிகளில் இரண்டு போதும் இப்போதைக்கு. ஆந்தையும் வாயும் சேர்ந்தால் ‘இமி-ரா’, மேற்பார்வையாளர். எழுத்தில் ம்-ர் மட்டுமே தெரியும், ‘மெர்’ என்று வேறு சொல்லாகப் படித்துவிடாதீர்கள். கூடையும் ரொட்டியும் வீடும் ‘நெபெத் பெர்’, இல்லத்தரசி.

குடும்ப உறவு: முடிச்சிட்ட மூன்று நரித்தோல்கள், தொடர்ந்து ‘ஸ்’, நீரலை இருந்தால் ‘மெஸ்-என்’. பின்னால் வருவது தாயின் பெயர். ‘இன்னார் ஈன்ற’ என்று தமிழில் வரும். கண்ணும் நீரலையும் ‘இர்-என்’ என்றால் பெற்றோர் இருவரில் ஒருவர். மெஸ்-என்னுக்குப் பின் வருவதைக் குழந்தையின் பெயர் என்று எண்ணிக் குடும்பத்தையே தலைகீழாக்குகிறவர்கள் ஏராளம்.

முதல் கல்லைத் தெளிவான கோட்டுப் படத்தில் படியுங்கள், இரண்டாவதை நல்ல புகைப்படத்தில். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பதிப்புரிமை இல்லாத பொருள்களின் படங்களைக் கட்டணமின்றித் தருகிறது. ‘ஸ்டீலா’ (நினைவுக்கல்) என்று தேடி, 12-ஆம் வம்சம் என்று சுருக்குங்கள். அருங்காட்சியகக் குறிப்பைப் படிப்பதற்கு முன் நீங்களே எழுதி முடித்துவிட வேண்டும். மூன்று வரியாக எழுதுங்கள்: குறிகள், ரோமன் எழுத்து, தமிழ்ப் பொருள். நடுவரியைத் தாண்டிப் பொருளுக்குத் தாவினால் பிழை எங்கே நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

9. இலக்கணத்தில் இப்போதைக்கு வேண்டியது

அடைமொழி பெயருக்குப் பின்னால் வரும்: ‘பெர் நெஃபெர்’ நல்ல வீடு. திருப்பிப் போட்டால் வாக்கியம்: ‘நெஃபெர் பெர்’, வீடு நன்றாக இருக்கிறது. வினை வாக்கியத்தின் முதலில் நிற்கும், எழுவாய் அதன் பின், செயப்படுபொருள் கடைசி. தமிழுக்கு நேர் எதிர் என்பதால், கடைசியிலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டு வருவது பல நேரம் கைகொடுக்கும்.

‘என், உன், அவன்’ என்பவை சொல்லின் முடிவில் ஒட்டும்: அமர்ந்த மனிதன் ‘என்’, கைப்பிடிக் கூடை ‘உன்’, பாம்பு ‘அவன்’, துணி அல்லது தாழ்ப்பாள் ‘அவள்’. வினைகளின் காலமும் பாங்கும் பெரிய கடல். நான்கு பேர் நான்கு விதமாக விளக்குவார்கள். ஒரு பாடநூலைப் பிடித்து முடியுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். ஓராண்டு ஆகும்.

10. கணினியில் எழுதுவது

ஜேசெஷ் என்னும் இலவச மென்பொருள் போதும். குறியின் எண்ணையோ ஒலியையோ தட்ட வேண்டும். நடுவில் சிறுகோடு போட்டால் அடுத்த சதுரம், முக்காற்புள்ளி போட்டால் ஒன்றன்கீழ் ஒன்று, நட்சத்திரம் போட்டால் பக்கத்தில் பக்கத்தில். யுனிகோடில் 2009 முதல் 1071 குறிகள் உண்டு, 2024-இல் மேலும் 3,995 சேர்ந்தன. ஆனால் சாதாரண எழுதிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வராது. பலவற்றில் குறிகள் ரயில் பெட்டிகளாய் நீளும், சிலவற்றில் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். கட்டுரைக்கோ அச்சுக்கோ படமாக ஏற்றுமதி செய்து ஒட்டுங்கள்.

படத்தைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகளைத் தனிக் குறியின் எண் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தலாம். தேய்ந்த கல்லில் அதுவும் தவறும்.

11. கல்லின் முன்னால்

செதுக்கெழுத்து நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் போங்கள். அருங்காட்சியகத்தில் விளக்குக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஃபிளாஷுக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை, அனுமதித்தாலும் எழுத்தைத் தட்டையாக்கிவிடும். முதலில் முழுக் கல், பிறகு ஒவ்வொரு வரியும் இருபுறமும் சற்று மேற்பொருந்தும்படி, கடைசியாகக் காட்சிக் குறிப்பட்டையில் உள்ள பதிவு எண். அந்த எண் இல்லாத படத்தை வீட்டுக்குப் போனபின் எந்தத் தரவுதளத்திலும் தேட முடியாது.

சந்தையில் பெயர் வளையம் பொறித்து விற்கும் நகையை வாங்குவதானால் குறிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். கடைக்காரர்கள் ஆங்கில எழுத்துக்கு ஒன்றாகப் பட்டியல் வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் ‘சி’ வந்தால் ககரமா சகரமா என்று பார்ப்பதில்லை. மீனா என்ற பெயருக்கு ஆந்தை, இரட்டை நாணல், நீரலை, பாறு, முடிவில் அமர்ந்த பெண். கபிலனுக்குக் கைப்பிடிக் கூடை, பாதம், இரட்டை நாணல், லகரத்துக்குப் படுத்த சிங்கம், நீரலை, அமர்ந்த ஆண். படுத்த சிங்கத்தை லகரமாக எழுதுவது தாலமி, கிளியோபாட்ரா பெயர்களை எழுதிய முறை. ழகரத்துக்குக் குறியில்லை, அதே சிங்கத்தையே வையுங்கள். பச்சை குத்துவதானால் முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று ஊசி தொடும் முன் பாருங்கள். அச்சுப்படியைத் தோலில் ஒட்டி எடுக்கும்போது சில குறிகள் மட்டும் திரும்பிவிடுவது உண்டு.